குழந்தைக்கு முதல் போனிக் குதிரை: வாங்கும் முன் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் குதிரைச் சவாரி வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் ஓரிரு மாதத்தில் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை, ஆகவே மேலிருந்து படித்து வருவது நல்லது.

எத்தனை வயசுல போனி வாங்கலாம்? சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க.

பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்த, மேலே உட்கார்ந்து பழக 4, 5 வயது போதும். தானே கடிவாளம் பிடித்து வகுப்பில் கற்க 6, 7. சொந்தமாக ஒரு போனி என்றால் 8 வயதுக்கு முன்னால் வாங்குவது பெரும்பாலும் அவசரம்தான்.

பத்து வயதாகியும் தயாராகாத பிள்ளைகள் உண்டு. ஆறரை வயதிலேயே லாயத்தில் பெரிய மனுஷி போல நடந்துகொள்பவர்களும் உண்டு. பாலர் பள்ளியில் சேர்க்கத்தான் வயது பார்க்க வேண்டும். போனிக்கு வேறு சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். அவை கீழே வருகின்றன.

போனின்னா குதிரைக் குட்டிதானே? ரெண்டும் சேர்ந்து வளரட்டுமே, அழகா இருக்கும்ல?

குட்டி இல்லை. வளர்ந்து முடிந்த பிறகும் குள்ளமாகவே இருக்கும் குதிரைதான் போனி. போட்டிக் கணக்குப்படி, லாடம் இல்லாமல் தோள்மேட்டில் 148 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஷெட்லண்ட் 107 செ.மீ.யைத் தாண்டாது. வெல்ஷ் போனியில் சிறிய வகை சுமார் 122 செ.மீ. வரை வரும்.

சேர்ந்து வளரட்டும் என்ற ஆசைதான் லாயத்தில் அதிகம் அடிபட வைக்கிறது. நான்கு வயதுக் குதிரை முதுகில் ஆள் ஏறுவதற்கே அப்போதுதான் பழகியிருக்கும். எதைக் கண்டு மிரள வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அதற்கே தெரியாது. மேலே இருக்கும் பிள்ளைக்கும் தெரியாது. இருவரில் ஒருவருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும், அந்த ஒருவர் போனியாக இருப்பதுதான் நல்லது. 10 முதல் 18 வயதுக்குள், ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகளைச் சுமந்து பழகியதாகப் பாருங்கள். போனிகள் 25 வயதைச் சுலபமாகத் தாண்டுபவை, ஆகவே 15 வயதை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள். காயடித்த ஆணோ அமைதியான பெண்ணோ, எதுவும் சரி. காயடிக்காத ஆண் வேண்டவே வேண்டாம்.

பத்து ஃபெரிங்கி பீச்சில குதிரைமேல ஏத்துனோம், பயமே இல்ல அவனுக்கு. அப்ப ரெடிதானே லா?

கடற்கரையில் குதிரையை நடத்துபவர் கயிற்றைக் கையை விட்டு விடுவதில்லை. அந்தப் பத்து நிமிடமும் பிள்ளை செய்தது உட்கார்ந்திருந்தது மட்டும்தான். பேரங்காடியில் காசு போட்டால் ஆடும் குதிரைமேலும் அவனுக்குப் பயம் இருக்காது.

பயமே இல்லை என்பதை நாங்கள் நல்ல மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் தயங்கி நின்று, “ஏன் காதைப் பின்னால மடக்குது?” என்று கேட்கிற பிள்ளை அந்த மிருகத்தைக் கவனிக்கிறது. காது பின்னால் மடிந்து படிந்தால் எரிச்சல், முன்னால் விறைத்து நின்றால் எதையோ பார்த்துவிட்டது, பக்கவாட்டில் தளர்ந்து தொங்கினால் நிம்மதி. இதைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது. மேலே இருக்கும்போது அவன் முகத்தைப் படம் எடுப்பதை விட்டுவிட்டு, இறங்கிய பிறகு என்ன செய்கிறான் என்று பாருங்கள். சேணத்தைக் கழற்றும்வரை பக்கத்தில் நிற்கிறானா, அம்மாவின் கைத்தொலைபேசியைத் தேடி ஓடுகிறானா?

அப்படின்னா ரெடியா இல்லையான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

நான்கு சனிக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். கிளப்பில் சொல்லி அனுமதி வாங்கி, வகுப்புக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். முதல் வாரம், பிள்ளை குதிரையிடம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகிலும் குதிரைக்குக் கண் தெரியாது. அங்கிருந்து திடீரென்று தொட்டால் துள்ளும், உதைக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டபடி இடது தோள்பக்கமாகப் போக வேண்டும் என்று ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். அடுத்த வாரம் யாரும் நினைவூட்டாமல் அப்படிப் போகிறதா என்பதுதான் சோதனை.

இரண்டாம் வாரம் கயிறு. வலது கை தாடையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கும். மிச்சக் கயிறு இடது கையில், மடிப்பு மடிப்பாக. கையைச் சுற்றி வளையம் போடவே கூடாது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சீறினால் போனி தலையைத் தூக்கும், வளையம் இறுகும், 200 கிலோ எடை அந்த விரல்களில் தொங்கும். “சுத்தாதே” என்று ஒரே நாளில் மூன்று முறை சொல்ல வேண்டி வந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். மூன்றாம் வாரம் பிரஷ் போடுவது, பெரியவர் காலைத் தூக்கிப் பிடிக்க, குளம்பில் அடைந்த மண்ணைக் கொக்கியால் எடுப்பது. கொக்கி எப்போதும் குதிகாலிலிருந்து நுனியை நோக்கிப் போக வேண்டும். நடுவில் இருக்கும் முக்கோண மெத்தைப் பகுதியைக் குத்தக் கூடாது. அதன் இரு பக்கமும் உள்ள பள்ளத்தில்தான் மழைக்காலத்தில் கறுத்து நாறும் அழுகல் பிடிக்கும்.

நான்காம் வாரம் சவாரியே கிடையாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வாளி கழுவுவது, சாணி அள்ளுவது, போனியைக் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு வருவது, அவ்வளவுதான். அன்றும் தானாக எழுந்து பூட்ஸைத் தேடுகிற பிள்ளை தயார். “அப்ப நான் வரல” என்றால் அதில் ஒரு தவறும் இல்லை. அந்தப் பிள்ளைக்குச் சவாரி பிடித்திருக்கிறது, போனி பிடிக்கவில்லை. வாரம் ஒரு வகுப்பு அதற்குப் போதும். உங்களுக்கும் பணம் மிச்சம்.

உடம்பளவுல என்ன பார்க்கணும்?

ஒற்றைக் காலில் பத்து விநாடி ஆடாமல் நிற்க முடிய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது “நில்” என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். “பிரஷை வாளியில போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வா” என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் முடித்துவிட்டு வர வேண்டும். கதவு திறந்தே கிடந்தால் போனி சாலைக்குப் போய்விடும், ஆகவே இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

ஆஸ்துமா இருந்தால், வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன்பே லாயத்தில் ஏழெட்டு முறை ஒரு மணி நேரம் இருந்து பார்க்கட்டும். குதிரை முடியும் காய்ந்த புல்லின் தூசியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. குழந்தையின் டெட்டனஸ் தடுப்பூசி அட்டையையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

சவாரியில எந்த அளவு தேறியிருக்கணும்?

வாரம் ஒரு முறை என்று குறைந்தது ஓராண்டு, வெவ்வேறு குதிரைகளில். ஒரே குதிரையில் கற்ற பிள்ளைக்கு அந்தக் குதிரையைத்தான் ஓட்டத் தெரியும். கயிறு இல்லாமல் நடக்க வைத்து, நிறுத்தி, இரு பக்கமும் வட்டம் போடத் தெரிய வேண்டும். டிராட் என்னும் துள்ளு நடையில் தாளம் தப்பாமல் எழுந்து உட்கார வேண்டும். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல், அங்கவடியில் எழுந்து நின்று பத்து எண்ணும்வரை சமநிலை நிற்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது அவசர இறக்கம். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் அங்கவடியிலிருந்து உருவி, முன்னால் சாய்ந்து, கழுத்தில் கையூன்றி, வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றிக் குதித்து, முழங்கால் மடிய நிற்பது. நிற்கும் குதிரையில் தொடங்கி, பிறகு நடையில், பிறகு டிராட்டில் பழக வேண்டும். கோச் சொல்லி முடிக்கும் முன் பிள்ளை தரையில் நிற்கிற நாள் வரட்டும். ஜம்பிங் பற்றி இப்போது பேச்சே வேண்டாம்.

எவ்வளவு உயரத்துல வாங்கணும்? விளம்பரத்துல “12.2” னு போட்டிருக்கே, அது என்ன?

அது ‘ஹேண்ட்’ கணக்கு. ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம். 12.2 என்றால் பன்னிரண்டும் பத்தில் இரண்டு பங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலம்: 12 ஹேண்டும் 2 அங்குலமும், அதாவது 50 அங்குலம், 127 செ.மீ. அதனால்தான் 12.3க்கு அடுத்தது 13 என்று வரும், 12.4 என்று எழுதியிருந்தால் எழுதியவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு 11 முதல் 12.2 வரை போதும். உட்கார்ந்தால் குதிகால் போனியின் வயிற்றுப் பாதியைத் தாண்டி இருக்க வேண்டும், வயிற்றுக்குக் கீழே தொங்கக் கூடாது. “வளர்ந்துடுவா, பெருசாவே வாங்கிடலாம்” என்று பள்ளிச் சீருடை வாங்குவது போல வாங்காதீர்கள். விழுகிற உயரம் கூடும், வயிற்றுப் பட்டையை இறுக்கக் கை எட்டாது, ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டி வரும்.

எடையையும் பாருங்கள். பிள்ளை 26 கிலோ, சேணம் 5, ஹெல்மெட்டும் பூட்ஸும் ஒன்றரை: மொத்தம் 32.5. சுமை போனியின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு 15 என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் சுமார் 217 கிலோ போனி வேண்டும். எடைபோடும் மேடை இல்லாவிட்டால் துணி நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை இரண்டால் பெருக்காமல் அதையே அதனால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். சுற்றளவு 140, நீளம் 130 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 214 கிலோ வரும்.

சைக்கிள் ஹெல்மெட் இருக்கு. அது போதாதா?

போதாது. குதிரையிலிருந்து விழுகிறவர் பின்னந்தலையும் பக்கவாட்டும் அடிபட விழுவார், மேலே குளம்பும் வரலாம். சைக்கிள் ஹெல்மெட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் பாஸ் 015, விஜி1, ஏஎஸ்டிஎம் எஃப்1163, ஸ்னெல் இ2016 அல்லது இ2021 என்னும் பாதுகாப்புத் தரக் குறிகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். பட்டையைப் பூட்டாமல் குனிந்து தலையை ஆட்டினாலும் நழுவக் கூடாது. ஒரு முறை பலமாக அடிபட்டால் வெளியில் கீறலே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பழைய ஹெல்மெட்டை யாரிடமும் வாங்காதீர்கள், எப்படி விழுந்தது என்று அது சொல்லாது.

பூட்ஸுக்குச் சின்ன குதி வேண்டும், அடிப்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள் நழுவிப் போய் மாட்டிக்கொள்ளும். அங்கவடி பூட்ஸைவிட இரண்டு, இரண்டரை செ.மீ. அகலம் கூடியிருக்கட்டும். வெளிப்பக்கம் ரப்பர் வளையம் வைத்த வகை என்றால் விழும்போது தானே கழன்றுகொள்ளும். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது என்பார்கள்.

நம்ம ஊர் வெயில போனி தாங்குமா? எந்த நேரத்துல ஏத்தலாம்?

வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. குதிரையும் மனிதனைப் போல வியர்வை ஆவியாகித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாமல் வழிந்தோடும். குதிரைக்காரர்களிடம் ஒரு கூட்டல் உண்டு: வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு ஈரப்பத விழுக்காட்டைச் சேர்ப்பது. 150ஐத் தாண்டினால் உடல் திணறத் தொடங்கும், 180ஐத் தொட்டால் வேலை கொடுக்கக் கூடாது. 32 டிகிரி செல்சியஸ் என்பது 90 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 70 என்றால் கூட்டல் 160. கோலாலம்பூரில் இது 150க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். விடியற்காலையில்கூட ஈரப்பதம் 90க்கு மேல் நிற்கும். நேர் வெயில் இல்லை என்பதுதான் காலையின் லாபம்.

ஆகவே காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள், அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு, அரை மணி நேரம். இடையில் மூன்று, நான்கு மணி மழையை நம்ப முடியாது. முதல் இடிச் சத்தம் கேட்டதும் இறங்கி உள்ளே போய்விட வேண்டும், “இன்னும் ஒரு ரவுண்டு” கிடையாது. புகைமூட்ட நாட்களில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் இருவருக்கும் விடுமுறை. சவாரி முடிந்ததும் குழாய்த் தண்ணீரைக் கழுத்திலும் நெஞ்சிலும் கால்களிலும் தொடர்ந்து ஊற்றுங்கள். சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்ற பயம் வேண்டாம். ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. வேலைக்குப் பிறகு கால் மணி நேரத்தில் விலாவின் ஏற்ற இறக்கம் அடங்க வேண்டும்.

சில குதிரைகள் வெப்ப நாட்டில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். ரோமம் வறண்டு, மூச்சு மட்டும் இரைக்கும். சில மாதத்தில் நெற்றி முடி உதிரத் தொடங்கும். குளிர்நாட்டிலிருந்து புதிதாக இறக்கிய போனியைவிட, இங்கேயே ஓராண்டாவது இருந்து பழகியதை நாங்கள் விரும்புவது இதனால்தான். பார்க்கப் போகும்போது பதினைந்து நிமிடம் டிராட் போகச் சொல்லிவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கை நனைய வேண்டும்.

எங்க வீடு செமி-டி, பின்னால இடம் இருக்கு. அங்கேயே கட்டி வளர்த்தா என்ன?

வேண்டாம். குதிரை மந்தையில் வாழும் பிராணி. தனியாகக் கட்டிவைத்தால் மரத்தைக் கடிக்கும், சுவரோரம் ஆடிக்கொண்டே நிற்கும். 200 கிலோ போனி ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ அளவுக்குச் சாணி போடும். அதை எங்கே கொட்டுவீர்கள்? தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் ஈயைப் பற்றிப் புகார் செய்தால் நகராண்மைக் கழகம் வாசலுக்கு வந்துவிடும். தீபாவளி இரவு பட்டாசுக்கு மிரண்டு வேலியை உடைத்துக்கொண்டு ஓடினால் யார் பிடிப்பது? 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி இடம், தீனி, சிகிச்சை எல்லாவற்றுக்கும் உரிமையாளர்தான் பொறுப்பு.

லாயத்துலயே விட்டா மாசம் எவ்வளவு ஆகும்?

இடத்துக்கு இடம் வேறுபடும், ஆகவே எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது எவையெல்லாம் அந்தத் தொகைக்குள் வருகின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்: அறை, கீழே விரிக்கும் மரத்தூள், புல், சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) சம்பளம், மின்விசிறி, தினசரி வெளியே விடுவது. தனியாக வருபவை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவுவது, லாடம், ஆண்டுக்கு ஒரு முறையாவது பல் ராவுவது, டெட்டனஸ் ஊசி, பூச்சி மருந்து, சேணம் பொருத்திப் பார்ப்பது, கோச் கட்டணம். விலை கொடுத்து வாங்குவது ஒரு முறைதான். இந்தப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் வரும்.

வயிற்றுவலிக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைத்துவிடுங்கள். காலால் தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, உருளுவது, சாணி போடாமல் இருப்பது இவைதான் அறிகுறி. இது நடுராத்திரியில்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை பக்கம். பினாங்கில் இருப்பவர்கள் குதிரை பார்க்கும் மருத்துவரின் எண்ணையும், லோரி வைத்திருப்பவரின் எண்ணையும் வாங்கும் முன்பே கையில் வைத்திருக்க வேண்டும்.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சைஸ் பார்த்துக்குவாருல்ல?

தீனியும் சுத்தமும் பார்த்துக்கொள்வார். ஆனால் போனிக்கு வாரத்தில் நான்கைந்து நாள் வேலை வேண்டும். வார நாளில் நின்று கொழுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே வருகிற போனிதான் பிள்ளையைத் தூக்கிப் போடும். ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் போய்விட்டது, டியூஷன் போகவில்லை. பள்ளி, டியூஷன், தேவாரம், பரதம் என்று ஓடுகிற வாரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலையும் சேர்த்து இரண்டு மாலை ஒதுக்க முடியுமா என்று நாட்காட்டியை எடுத்து எழுதிப் பாருங்கள். பினாங்கில் தீவில் வீடும் செபராங் பிறையில் லாயமும் என்றால் பாலத்தையும் கணக்கில் சேருங்கள்.

முடியாவிட்டால் பாதி லீஸ். கிளப் போனியையோ வேறொருவர் போனியையோ வாரம் இரண்டு மூன்று நாள் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. செலவில் ஒரு பகுதி உங்களுடையது. காயம்பட்டால் யார் செலவு, எத்தனை மாதம், முறிக்க எவ்வளவு முன்னறிவிப்பு, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். எங்களைக் கேட்டால் முதல் ஆறு மாதம் எல்லாருமே லீஸில்தான் தொடங்க வேண்டும், பணம் இருப்பவர்களும்கூட.

தெரிஞ்சவர் ரேஸ்ல ஓடி ஓய்ஞ்ச குதிரை ஒண்ணை சும்மாவே தர்றேங்கிறார். வாங்கிக்கலாமா?

இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் பழைய ரேஸ் மைதானம். பினாங்கு டர்ஃப் கிளப் தொடங்கியது 1864இல். ஆகவே இந்த இரண்டு ஊரிலும் ஓய்ந்த ரேஸ் குதிரைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவை நல்ல பிராணிகள்தாம், குழந்தைக்கு மட்டும் அல்ல. 16 ஹேண்ட், 450 கிலோவுக்கு மேல். இரண்டு வயதிலிருந்தே வேகத்துக்குப் பழக்கியவை. பிள்ளை பயந்து கடிவாளத்தை இறுக்கினால், ரேஸில் ஜாக்கி பிடியை இறுக்குவது போல எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போகும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். குதிரைக்குப் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐந்து வயதில் எல்லா வெட்டுப்பற்களும் நிலைப்பற்களாகிவிடும். மேல்வரிசை ஓரப்பல்லில் ஒரு கறுத்த கோடு சுமார் 10 வயதில் ஈறருகே தோன்றி, 15இல் பாதி, 20இல் முழு நீளம் இறங்கும். துல்லியமான கணக்கல்ல, ஆனால் 12 என்று சொல்லி 20ஐ விற்பவரைப் பிடிக்க இது போதும். போனிக்கும் இதே கணக்குதான்.

போனியைப் பார்க்கப் போறப்ப என்னென்ன செய்யணும்?

போவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். சேணம் போட்டு, ஏற்கெனவே வியர்த்து நிற்கிறதென்றால், உங்களுக்கு முன்னால் யாரோ ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம். வேறொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வெறும் உடம்போடு அறையில் நிற்பதிலிருந்து பார்க்க வேண்டும். ஹால்டர் (தலையில் மாட்டும் பட்டை) மாட்ட விடுகிறதா, வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது கடிக்கத் திரும்புகிறதா, நான்கு காலையும் தூக்கக் கொடுக்கிறதா? முதலில் விற்பவரின் ஆள் ஏறட்டும், பிறகு உங்கள் கோச், கடைசியில்தான் பிள்ளை. மற்ற குதிரைகளை விட்டுத் தனியாக வர மறுக்கிறதா என்பதையும் பாருங்கள். பிள்ளையால் சமாளிக்க முடியாத பழக்கங்களில் இது முதலாவது.

மருத்துவரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், விற்பவருடைய மருத்துவர் வேண்டாம். வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க அன்றே இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் சோதனைக்குக் கொடுக்க மறுத்தால் காரணம் கேளுங்கள். லாயத்தில் அதே போனியைப் பார்த்துவந்த சைஸிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசுவது பல சமயம் எல்லாப் பரிசோதனையைவிடவும் பலன் தரும்.

பிள்ளைங்க ஆசையா தீனி கொடுக்கட்டுமே? வீட்டுல தவிடு, வெல்லமெல்லாம் இருக்கு.

போனி பஞ்சத்தில் பிழைக்கப் பிறந்த பிராணி. அதற்குப் பட்டினியைவிடக் கொழுப்புதான் நோய். நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு காய்ந்த புல் போதும். 200 கிலோவுக்கு 3 முதல் 4 கிலோ. மாட்டுப் பொங்கல் அன்று ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கலை அப்படியே ஊட்டிவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் குளம்பு சுட்டு, முன்னங்காலை முன்னால் நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் அது குளம்பழற்சி. சில சமயம் அதோடு சவாரி வாழ்க்கை முடிந்தது. மாலை போடுங்கள், குங்குமம் வையுங்கள், அரை வாழைப்பழம் கொடுங்கள்.

தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. செட்டாரியா, நேப்பியர் போன்ற வெப்பநாட்டுப் புல்லில் இருக்கும் ஆக்சலேட், கால்சியத்தை உடம்பில் சேர விடாமல் கட்டிவிடும். இரண்டும் சேர்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் போய், மாதக்கணக்கில் முகம் வீங்கி, நடை நொண்டும். நேப்பியரைத்தான் வெட்டிப் போடுகிறார்கள் என்றால் கால்சியத்துக்கு என்ன சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, எப்போதும் சுத்தமான தண்ணீர், இவற்றில் கஞ்சத்தனம் கூடாது.

அக்காவுக்கு ஒம்பது, தம்பிக்கு அஞ்சு. ஒண்ணு வாங்கி ரெண்டு பேரும் பகிர்ந்துக்கட்டுமா?

அக்காவுக்குப் பொருத்தமானதை வாங்குங்கள். தம்பியைக் கயிற்றில் நடத்தலாம். எடைக் கணக்கு பெரிய பிள்ளைக்குப் போட்டது. இரண்டு பேரும் ஒரே நாளில் ஏறினால் மொத்த நேரம் முன்பு சொன்ன அரை மணியைத் தாண்டக் கூடாது. யார் முதலில் என்ற சண்டையைப் போனியின் முன்னால் போட விடாதீர்கள்.

வாங்கி மூணு மாசம் ஆச்சு. ஒரு தடவை விழுந்ததிலிருந்து வர மாட்டேங்கிறா. மறுபடி ஏத்தினாத்தான் பயம் போகும்ங்கிறாங்களே?

தலையில் அடிபட்டிருந்தால் அன்று மறுபடி ஏற்றவே கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது இவற்றில் எதுவும் தெரிந்தால் நேராக மருத்துவமனை. அடி இல்லாவிட்டாலும் அழுகிற பிள்ளையை ஏற்றி உட்காரவைத்தால், உடம்பு விறைத்துப் பிடி இறுகி, மறுபடி விழ வழி பிறக்கும்.

முதலில் போனியைப் பாருங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்தி ஓட்டினால் சுருங்குகிறதா? பிள்ளைக்கென்று புதிதாக வாங்கிய சேணம் தோளைக் கிள்ளுகிறதா? புதிய லாயத்தில் தீனியைக் கூட்டிவிட்டார்களா? எடை குறைந்த, அனுபவமுள்ள ஒருவர் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். காரணம் பெரும்பாலும் முதுகு, சேணம், தீனி இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பிள்ளைக்கு இரண்டு வாரம் தரை வேலை மட்டும், நான்கு சனிக்கிழமை சோதனையில் செய்தவையே. பிறகு கயிற்றில் ஐந்து நிமிடம், எப்போது இறங்குவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். இரண்டு மாதம் கழித்தும் கார் லாயத்துப் பாதையில் திரும்பியதும் வயிறு வலிக்கிறது என்றால் போனியை லீஸுக்கு விடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். விற்கும்போது அவள் விழுந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வாங்க வருபவரும் கையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.